பில்லில் இல்லாத மீன்

தூத்துக்குடியில் மத்தியானம் ஏற்றிய ஐஸ்
தொப்பூர் ஏற்றத்தில் பாதி கரைந்து
ராத்திரி இரண்டு மணிக்கு
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கு முன்னால்
டீக்கடை மண்ணில் சொட்டிக்கொண்டு நிற்கும்.
விடிவதற்குள் பெங்களூர் போகணும் அதற்கு.

தொம்மை இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பான்.
நான் மாம்பழக்கூழ் ஆலையில் பாய்லர் ஷிஃப்ட் முடித்து
தூண்டில் கழியை மொபெட்டில் கட்டிக்கொண்டு
அணைக்குப் போகிற வழி.
இரண்டு டீ. ஒரு பீடி, மாறி மாறி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் கையில் ஒரு மீன்.
சங்கராப் பெட்டியில் வழி தவறி வந்தது,
பில்லில் இல்லை, வச்சுக்க முனிரத்தினம் என்றான்.

சிவப்பு.
கல்யாணப் பத்திரிகை உறையின் சிவப்பு.
தலையில் பாதி கண்.

முண்டக்கண்ணி.
பகல் பூரா பார்ப்பொந்துக்குள்ள கிடக்கும்ல,
பொழுது சாஞ்சாத்தான் வெளிய வரும்.
நாம களவாவுக்குப் போட்டிருப்போம்,
இது வந்து ஏறும்.
தூக்கினா கறுமுறுன்னு பேசும்.
ஏசிக்கிட்டே கழட்டணும், செவுள்ல முள்ளு.
ஒனக்கு ஒண்ணு தெரியுமா,
இந்தச் சிவப்பெல்லாம் வள்ளத்துக்கு வந்த பெறகுதான்.
கீழ இருக்கையில அது இருட்டோட இருட்டு.

கடலை நான் பார்த்ததில்லை.
ஆலை வாசலில் மாட்டிய காலண்டரில்
பன்னிரண்டு மாதமும் மாம்பழம்தான்.

கே.ஆர்.பி. அணையில் கோழிக்குடலுக்கே
கெளுத்தி வரும், வராமலும் போகும்.
இன்றைக்குக் கடல் தீனி.
கரைக்கல்லில் மீனைக் கிடத்தி டார்ச் அடித்தேன்.
லேசாகப் பூத்துப்போன கண்தான்,
ஆனாலும் வெளிச்சத்தை
அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

கத்தி வைத்ததும் கட்டைவிரலில் ஏறிவிட்டது முள்.
தொம்மை சொன்னான்தான்.
ரத்தத்தைச் சூப்பிக்கொண்டு
உப்பிலேயே வாழ்ந்த வயிற்றுச்சதையை
கொக்கியில் கோர்த்து
தென்பெண்ணைத் தண்ணீருக்குள் வீசினேன்.

மூன்று மணி.
தூரத்தில் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம்.
மூன்றரை.
தக்கை துடிக்கவில்லை. விரல் துடித்தது.
ஒரு தடவை நரம்பு லேசாக இழுபட்டது,
சுற்றி எடுத்தால் கொக்கி சுத்தமாக வந்தது.
நண்டோ ஆமையோ,
யாரோ ஒருவர் அந்த உப்பை ருசி பார்த்துவிட்டு
சொல்லாமல் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது தலை.
கிழக்கே மலை விளிம்பு வெளுக்க ஆரம்பித்ததும்
எனக்கு எப்போதும் ஒரு பதற்றம் வரும்.
ஜன்னலுக்குப் போர்வை கட்டித்தான் தூங்குகிறேன்
ஏழு வருஷமாக.
பால்காரர் மணி அடித்தால் எரிந்து விழுவேன்,
கோமளா பாத்திரத்தைக்கூட
துணி விரித்துத்தான் வைப்பாள்.

அது மீன்தலை. அறிந்தேதான் செய்தேன்.
கரையோரம் ஆமணக்கு இருந்தது,
ஒரு இலை பறித்து
கண்ணை மூடினாற்போல் வைத்துவிட்டு
மேலே சின்னக் கல் ஒன்று வைத்தேன், காற்றுக்கு.

மூன்று நாள் வலி.
வால்வு திருகும்போதெல்லாம்
தோள் வரைக்கும் ஏறி இறங்கியது கடல்.

அடுத்த செவ்வாய் தொம்மை கேட்டான்,
என்னலே விழுந்துச்சு?
வீங்கிய கட்டைவிரலை நீட்டினேன்.
டீ சிந்தச் சிந்தச் சிரித்தான்.
அப்புறம் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு
கோட்டிக்காரா,
பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல வச்சிருந்தா
அன்னிக்கே எறங்கியிருக்குமே என்றான்.

வெந்நீர்.
தினமும் எட்டு மணி நேரம்
அதைக் காய்ச்சுகிற வேலைதான் எனக்கு.
தோன்றவே இல்லை.

அவன் வண்டி ஓசூர் பக்கம் கிளம்பிப் போனது.
அது நின்ற இடத்தில்
மண் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது.